பெற்றவளைக் கேட்காத பேரேடு

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க!"

மணமேடைகளில் இன்றும் முழங்கும் வாழ்த்து இது. பதினாறு என்பது பிள்ளைகளின் தொகையன்று, பேறுகளின் தொகை. கல்வி, அறிவு, வலிமை, நோயின்மை என்று பதினாறு வகையாக விரியும் அது, எனப் புலவர் பெருமக்கள் விளக்கம் தருவர். விளக்கம் நன்று! மறுக்கவில்லை நாம். ஆனால், வாழ்த்துரைக்கும் பெரியவர் மணமகளைப் பார்த்துப் புன்னகை பூக்கும்போது, அவர் மனக்கண்ணிலே கல்வியா நிற்கிறது? நோயின்மையா நிற்கிறது? தொட்டிலன்றோ நிற்கிறது! அவளும் அறிவாள் அதனை. அதனாலேதான் தலை குனிகிறாள்.

அந்தப் பழைய வாழ்த்து, அண்மையிலே அரசியல் மேடையும் ஏறிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, மாநிலம் முதுமை அடைகிறது, மக்கள் கூடுதலாகப் பிள்ளை பெற வேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் நடந்த திருமண விழாவொன்றில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தொகுதிகள் குறையுமென்ற நிலை வந்தால் பதினாறு பிள்ளை பெறலாமே என்ற எண்ணம் எழத்தானே செய்யும் என்று, பாதி நகைச்சுவையும் பாதி வேதனையுமாகப் பேசினார். டிசம்பரில் நாகபுரியிலே ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், கருவுறுதல் வீதம் 2.1-க்குக் கீழே சென்ற சமுதாயம் அழிந்துபடும். ஆகவே இரண்டுக்கு மேல், அதாவது மூன்று வேண்டும் என்றார்.

மூவர் நிற்கும் இடம் வேறு, நோக்கம் வேறு. முன்னிருவர் கவலையிலே நியாயமும் உண்டு. அதைப் பின்னர்ப் பேசுவோம். ஆனால் மூவரும் கைகாட்டியது ஒன்றையே: எண்! "சாத்திரம் சொல்லுகிறது" என்றனர் அன்று. "புள்ளிவிவரம் சொல்லுகிறது" என்கின்றனர் இன்று. சாத்திரத்தைக் கண்டபோது, எழுதியவன் எவன், யாருக்காக எழுதினான், எவரை அடக்க எழுதினான் என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். எண்ணின் முன்னாலே மட்டும் கைகட்டி, வாய்பொத்தி நிற்க வேண்டுமா? எண் பொய் சொல்லாது என்பர். மெய்தான். ஆனால், எண் தானாகப் பேசுவதுமில்லை. பேசவைப்பவன் ஒருவன் இருக்கிறான். அவனைத்தான் விசாரிக்க வேண்டும்.

பிறப்பு வீதம் என்பது ஒரு பின்னம். மேலே ஓராண்டிலே பிறந்த குழந்தைகளின் தொகை. கீழே அவ்வாண்டின் நடுவிலே அங்கு வாழ்ந்த மக்கள் தொகை. வந்த விடையை ஆயிரத்தால் பெருக்கினால் பிறப்பு வீதம். எளிய கணக்கு, ஐயமில்லை. ஆனால் கீழே நிற்கும் கூட்டத்தைக் கொஞ்சம் உற்று நோக்குங்கள்! பல் போன பாட்டனும் அங்கே நிற்கிறான். பள்ளிச் சிறுவனும் நிற்கிறான். மீசை முறுக்கும் வாலிபனும் நிற்கிறான். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் அக்கூட்டத்திலே ஒரு மூலையில்தான் இருக்கிறார்கள். பெறுபவள் அவள், வகுப்பதோ ஊராரையெல்லாம் சேர்த்து!

இதனால் விளையும் விபரீதத்துக்குத் தொலைவிலே சான்று தேட வேண்டா. 2020-ஆம் ஆண்டுக்கு மாதிரிப் பதிவு முறை தந்த கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டின் பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு 13.8, கேரளத்தில் 13.2. ஆக, கேரளத்தைவிடத் தமிழகம் கூடுதலாகப் பெறுகிறது என்று தீர்ப்பெழுதி விடலாம் அல்லவா? பொறுங்கள். அதே ஏட்டிலே அடுத்த அட்டவணை, ஒரு பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்று கணக்கிட்டுச் சொல்லுகிறது: தமிழகத்துக்கு 1.4, கேரளத்துக்கு 1.5. தலைகீழ்! ஒரே ஆண்டு, ஒரே துறை, ஒரே ஏடு, இரண்டு விடை. கேரளத்தில் முதியோர் பங்கு கூடுதல். அவர்களெல்லாம் பின்னத்தின் கீழே ஏறி அமர்ந்துகொண்டு வீதத்தை இறக்கி விடுகிறார்கள். பிறப்பு வீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு "கூடிற்று, குறைந்தது" என்று கூவுவோர், பெண்கள் மாறினார்களா, அல்லது கூட்டத்தின் வயது மாறிற்றா என்பதைப் பிரித்தறியாமலே கூவுகிறார்கள்.

அப்படியானால் அந்த இரண்டாவது எண், அறிஞர்கள் மொத்தக் கருவுறுதல் வீதம் என்று அழைப்பது, குற்றமற்றதா? அது பன்மடங்கு மேலானது. எனினும் அதனுள்ளும் ஒரு கற்பனை உறைகிறது. பதினைந்து வயதுப் பெண் முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண் வரை, இவ்வாண்டில் ஒவ்வொரு வயதினரும் பெற்ற வீதத்தை எடுத்து, அவற்றையெல்லாம் ஒரே பெண் தன் வாழ்நாளில் வரிசையாகக் கடந்து வந்தால் எத்தனை பெறுவாள் என்று கூட்டுகிறார்கள். அப்படியொரு பெண் எங்கும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டு வாழ்வை ஒரே ஆண்டிலே வாழ்ந்து முடிக்கும் மாயக்காரி அவள்! பயனுள்ள மாயக்காரி, ஆனால் மாயக்காரிதான். உண்மைப் பெண்கள் திருமணத்தைத் தள்ளிப் போட்டாலே போதும், பிள்ளைகளின் இறுதித் தொகை குறையாவிட்டாலும் அந்த மாயக்காரியின் பிள்ளைகள் குறைந்து விடுவார்கள்.

சப்பானைப் பாருங்கள். அங்கும் நம்மைப் போலவே அறுபது ஆண்டுச் சக்கரம் உண்டு. அதிலே "நெருப்புக் குதிரை" ஆண்டென்று ஒன்று. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனைக் கொல்லுவாள் என்பது மூடநம்பிக்கை. 1965-இல் சப்பானிலே பிறந்த குழந்தைகள் 18 இலட்சத்துக்கு மேல். நெருப்புக் குதிரை ஆண்டாகிய 1966-இல் பிறந்தவை ஏறத்தாழ 13 இலட்சத்து 60 ஆயிரம். 1967-இல் மீண்டும் 19 இலட்சத்துக்கு மேல்! கருவுறுதல் வீதம் 2.14-இலிருந்து 1.58-க்கு வீழ்ந்து, மறு ஆண்டே 2.23-க்கு எழுந்தது. மின்சார இரயில் ஓடும் நாடு, விஞ்ஞானம் விளைந்த நாடு, ஒரு சோதிடக் குதிரையைக் கண்டு நடுங்கிற்று! நாம் நகைக்கலாம். நகைக்குமுன், "பெண் மூலம் நிர்மூலம்" என்று சாதகம் பார்த்து மணமகளைத் தள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நகைப்பது நலம். நம் அறுபது ஆண்டுச் சக்கரத்தின் பிறப்பு வரலாறு இன்னும் சுவையானது. நாரதர் பெண்ணாகி, கண்ணனோடு கூடி, அறுபது பிள்ளைகள் பெற்றாராம். அவையே பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுகளாம்! கருவுறுதல் வீதம் அறுபது! எந்தப் புள்ளிவிவரத் துறையும் இதை மிஞ்ச இயலாது.

அதே 1966. ருமேனியாவிலே சௌசெஸ்கு ஆட்சி. பிறப்பு வீதம் போதாது என்று கருதினார் ஆட்சித் தலைவர். அக்டோபரில் ஆணை 770 வந்தது. சில விலக்குகள் தவிரக் கருக்கலைப்பு குற்றமாயிற்று. மறு ஆண்டே கருவுறுதல் வீதம் 1.9-இலிருந்து 3.7-க்குத் தாவிற்று. வெற்றி! வெற்றி! என்று முரசறைந்திருப்பார்கள். ஆனால் எண் அங்கேயே நிற்கவில்லை; மெல்ல மெல்ல இறங்கி 1980-களின் தொடக்கத்திலே இரண்டை ஒட்டி வந்துவிட்டது. பெண்கள் வழி கண்டுபிடித்தார்கள், மறைவான வழி, ஆபத்தான வழி. அவ்வழியிலே மாண்டவர் ஆயிரக்கணக்கினர். ஐரோப்பாவிலேயே தாய்மார் சாவு மிகுந்த நாடு ருமேனியா என்ற பெயர் வந்தது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது, புதிய அரசு முதலிலே கிழித்தெறிந்த ஆணைகளில் அதுவும் ஒன்று.

ஓரிடத்தில் சோதிடம் எண்ணை வீழ்த்திற்று. ஓரிடத்தில் சர்க்கார் எண்ணை உயர்த்திற்று. இரண்டும் நிலைக்கவில்லை. 1966, 1967 எனும் இரண்டே புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தவன் இரு நாடுகளிலும் ஏமாந்திருப்பான். அதனால்தான் சொல்லுகிறோம்: "சென்ற ஆய்வைவிட இந்த ஆய்விலே கூடிவிட்டது" என்று தலைப்பிடும் ஏடுகளைக் கண்டால் சற்றே நிதானியுங்கள் என்று.

நம் நாட்டிலேயே அத்தகைய கூத்து நடந்தது. தேசியக் குடும்பநல ஆய்வு, 2015-16-இல் தமிழகத்தின் கருவுறுதல் வீதம் 1.7 என்றது, 2019-21-இல் 1.8 என்றது. "தமிழகத்தில் பிள்ளைப்பேறு மீண்டும் உயர்கிறது!" என்று எழுதினோர் உண்டு. அதே வேளையில் மாதிரிப் பதிவு முறை 2020-க்குக் கூறியது 1.4. ஏறுகிறது என்கிறது ஒன்று. இறங்கிக் கிடக்கிறது என்கிறது மற்றொன்று. எது மெய்?

இதற்கு விடை காண, எண்கள் எப்படிச் சேர்க்கப்படுகின்றன என்பதை அறிய வேண்டும். குடும்பநல ஆய்வு, தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒருமுறை செல்லுகிறது. பெண்களிடம் பிள்ளைகளின் பிறந்த நாட்களைக் கேட்டு, முந்திய மூன்றாண்டுகளின் சராசரியைக் கூறுகிறது. மாதிரியாகத் தேர்ந்த பெண்களின் விடையிலிருந்து பிறக்கும் எண்ணுக்குப் பிழை எல்லை உண்டு, 1.7-க்கும் 1.8-க்கும் இடையேயுள்ள வேறுபாடு அப்பிழை எல்லைக்குள்ளேயே கரைந்துவிடக் கூடியது. மாதிரிப் பதிவு முறையோ ஆண்டு முழுவதும் காத்திருந்து எண்ணுவது. 1964-65-இல் சோதனையாகத் தொடங்கி, 1969-70-இல் பெரும்பாலும் நாடெங்கும் வேரூன்றிய முறை. தேர்ந்தெடுத்த சிற்றூர்களிலும் நகரப் பகுதிகளிலும், உள்ளூரிலே வாழும் ஒருவர், பெரும்பாலும் பள்ளி ஆசிரியர், பிறப்பு இறப்புகளை உடனுக்குடன் குறிக்கிறார். ஆறு மாதத்துக்கொரு முறை மேற்பார்வையாளர் தனியே வந்து, அவர் குறிப்பைப் பாராமலே வீடு வீடாக விசாரிக்கிறார். பின்னர் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை மீண்டும் சென்று சரிபார்க்கிறார்கள்.

இரு பட்டியலை ஒப்பிடும் இந்தச் சிந்தனைக்கு ஓர் இந்திய வரலாறு உண்டு. பெருமையோடு சொல்லத் தக்கது. கல்கத்தாவை அடுத்த சிங்கூரில், ஊர்ப் பதிவேட்டையும் வீட்டு விசாரணையையும் ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்ட பிறப்புகள் எத்தனை என்பதையே கணக்கிட வழி கண்டார் சி. சந்திரசேகரன் என்ற அறிஞர். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து 1949-இல் வெளியிட்டார் அக்கட்டுரையை. கருத்து எளிது. ஓர் ஊரில் பதிவேட்டில் 80 பிறப்பு, விசாரணையில் 90, இரண்டிலும் பொதுவாக இருப்பவை 72 என்று கொள்ளுங்கள். விசாரணை கண்ட 90-இல் பதிவேடு பிடித்தது 72, அதாவது பத்தில் எட்டு. ஆகவே பதிவேட்டின் 80 என்பதும் முழுத் தொகையிலே பத்தில் எட்டுத்தான், முழுத்தொகை 100. எந்தப் பட்டியலிலும் ஏறாத குழந்தைகளையும் கணக்குக்குள் கொண்டுவந்து விட்டார்! கண்ணுக்குத் தெரியாததை நம்பு என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்த இரண்டை ஒப்பிட்டுத் தெரியாததை அளந்து காட்டினார். பகுத்தறிவு என்பது இதுவன்றோ! ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரு பட்டியலும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். முதற்பட்டியலைப் பார்த்து இரண்டாவதை எழுதினால், கணக்கு கவிழ்ந்தது. ஊரிலே மறைக்கப்படும் பிறப்பு, இரு பட்டியலிலும் சேர்ந்தே மறையும். ஒடுக்கப்பட்டோர் சேரிக்குள் எழுத்தர் கால் வைக்காத இடத்தில், இரு பட்டியலும் ஒரே வாசலில் நின்றுவிடும்.

ஆக, ஓராண்டு எண்ணில் மயங்காது, நீண்ட காலக் கோட்டைப் பாருங்கள். அக்கோட்டிலே ஐயத்துக்கு இடமில்லை. 1971-இல் தமிழகத்தின் கருவுறுதல் வீதம் 3.9; 2020-இல் 1.4. இந்திய ஒன்றியம் முழுவதுக்கும் 1971-இல் 5.2, 2020-இல் 2.0. இவ்வளவு பெரிய மாறுதல், எந்தப் பிழை எல்லைக்குள்ளும் அடங்காது.

இனி, இந்த எண்ணைக் கையிலேந்தியோர் பெண்ணை எவ்வாறு பார்த்தனர் என்பதற்கு வருவோம். இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஏடு 1951 குடிக்கணக்கின் அகில இந்திய அறிக்கை. எழுதியவர் ஆர்.ஏ. கோபாலசாமி, குடிக்கணக்கு ஆணையர், பின்னர்ச் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராகி, அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டத்துக்கு முன்னின்றவர். அறிவிலே கூர்மையானவர், அந்த அறிக்கையின் கணக்கு மதிப்புக்குரியது. பிறப்பு வீதம் எனும் முரட்டுப் பின்னத்தோடு நின்றுவிடாமல், பிறந்த குழந்தை அந்தத் தாய்க்கு எத்தனையாவது என்று கேட்டார். அது முன்னேற்றம். ஊராரையெல்லாம் கூட்டி வகுப்பதைவிடப் பன்மடங்கு உண்மைக்கு அருகிலான அளவை.

ஆனால் அந்த அளவைக்கு அவர் சூட்டிய பெயரைக் கேளுங்கள்: முன்யோசனையற்ற தாய்மை! முன்னரே மூன்றோ அதற்கு மேலோ பெற்று, அவற்றில் ஒன்றேனும் உயிரோடிருக்க, மேலும் ஒன்று பெற்றால் அது முன்யோசனையற்ற தாய்மை, இது இலக்கணம்.

ஒன்றேனும் உயிரோடிருக்க! மீண்டும் படியுங்கள் அச்சொற்களை. மூன்று பெற்று இரண்டைப் புதைத்தவள், எஞ்சிய ஒன்றை மடியிலே வைத்துக்கொண்டு, நாளை இதுவும் போய்விடுமோ என்று நடுங்கி, நான்காவது பெறுகிறாள். அவள் முன்யோசனை அற்றவளாம்! பிறந்த ஆயிரத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது குழந்தைகள் ஓராண்டு காணாமலே மாண்ட காலம் அது. அவள் செய்தது முன்யோசனை அன்றி வேறென்ன? காப்பீட்டு நிறுவனமும் ஓய்வூதியமும் இல்லாத குடிசையிலே, முதுமைக்கு ஊன்றுகோல் ஒன்று வேண்டுமென்று கணக்கிட்டாள். அவள் கணக்கு அறிக்கையின் கணக்கைவிட எளிதன்று, கடினமானது. அவள் கணக்கிலே சாவு இருந்தது. அறிக்கையின் இலக்கணத்திலே செத்தவர்களுக்கு இடமில்லை.

இன்னொன்றும் கேட்கிறோம். தாய்மை முன்யோசனையற்றதென்றால், தந்தைமை? அதற்கு அறிக்கையிலே அளவை உண்டா? இல்லை. அவள் தனித்தே பெற்றாள் போலும்! மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா, மணவயதைத் தேர்ந்தது அவளா, மாமியார் ஆண்பிள்ளை கேட்டபோது வேண்டாவென்று சொல்ல அவளால் முடிந்ததா; எதுவும் கேட்கப்படவில்லை. பழி மட்டும் அவள் பெயரில் பதிவாயிற்று. சூதறியாத அதிகாரியின் கையிலும் மொழி தன் வேலையைச் செய்துவிடும்; மனுவின் வாடை புள்ளிவிவரத்தின் மேலாடையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இதற்கு இருபதாண்டு முன்னரே, 1930-இல், "குடிஅரசு" ஏட்டிலே கருத்தடை பற்றி எழுதினார் பெரியார். பிறர் நாட்டின் வறுமை குறைய வேண்டுமென்றும், சொத்து சிதறாதிருக்க வேண்டுமென்றும், தாயின் உடல்நலம் கருதியும் கருத்தடை பேசுகின்றனர். நாம் பேசுவதோ பெண்ணின் விடுதலை கருதி என்று பிரித்துக் காட்டினார். "பெண் ஏன் அடிமையானாள்?" நூலிலும் அக்கருத்து இடம்பெற்றது. கருவியொன்றே, ஆனால் ஒருவர் அதை நாட்டின் பசிக்கு மருந்தாகத் தந்தார், மற்றவர் பெண்ணின் கைக்குச் சாவியாகத் தந்தார். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். தோன்றட்டும்; நாட்டுக்குப் பிள்ளை வேண்டுமென்று அரசு மனம் மாறும் நாளிலே தெரியும், எது எதுவென்று. மருந்தை நிறுத்துவார்கள், சாவியைத் திருப்பிக் கேட்க எவனுக்கும் உரிமையில்லை.

எண்ணே தெய்வமானால் என்ன ஆகும் என்பதை இந்திய ஒன்றியம் நெருக்கடி நிலைக் காலத்திலே கண்டது. 1976-77 எனும் ஓராண்டில் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அறுவை. அவற்றில் அறுபது இலட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. இலக்கு என்றார்கள், எட்டு என்றார்கள், பிடித்துவா என்றார்கள். ஆண்கள் வெகுண்டனர், ஆட்சி வீழ்ந்தது. வீழ்ந்த பிறகு அறுவைக் கத்தி உறைக்குள் போயிற்றா? போகவில்லை, பெண்கள் பக்கம் திரும்பிற்று. தமிழகத்தை எடுத்துக்கொள்வோம், நம் வீட்டுக் குறையை நாமே சொல்லிவிடுவோம். 2019-21 ஆய்வின்படி, இங்கு பிள்ளைபெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! தமிழகம் சாதித்தது, தமிழகம் வென்றது என்று மார்தட்டுகிறோமே, எந்த மார்பு தட்டுகிறது, எந்த வயிறு வெட்டுண்டது என்று பார்த்தோமா? ஆணுக்கான அறுவை எளியது, விரைவானது, வலி குறைந்தது என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்லுவார். சுயமரியாதை மணமேடையிலே சமத்துவம் பேசிய தோழர்களிடமும் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

வீழ்ச்சி முழுவதும் கத்தியால் வந்ததன்று. பெண் பள்ளிக்குப் போனாள், மணவயது உயர்ந்தது. பேருந்து ஊருக்குள் வந்தது, மருத்துவமனை அருகாயிற்று. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திற்று. பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது: 1971-இல் தமிழகத்தில் ஆயிரத்துக்கு நூறுக்கும் மேலாயிருந்த குழந்தைச் சாவு, 2020-இல் 13. இலக்கணப்படி "முன்யோசனை அற்றவள்" என்று பெயர் வாங்கியவளின் பேத்தி, இரண்டோடு நிறுத்துகிறாள். பேத்திக்குப் புதிதாக அறிவு முளைத்துவிடவில்லை. பாட்டியின் கணக்கேதான் அவளும் போட்டாள். கணக்கிலிருந்து சாவு விலகிற்று, அவ்வளவே.

கறையும் உண்டு இந்த வரலாற்றில். சிறு குடும்பம் வேண்டும், அதிலே ஆண்பிள்ளையும் வேண்டும் என்றபோது பெண் குழந்தை பலியானாள். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டிய இழிநிலை வந்ததே, அது எதனால்? ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943. கருவுறுதல் வீதம் இறங்கியதைக் கொண்டாடும் வளைகோட்டிலே இந்த இழப்பு தெரியவே தெரியாது. 2.1 என்ற எண்ணும் இதனோடு பிணைந்ததே. ஒரு பெண்ணுக்குப் பதிலாக அடுத்த தலைமுறையில் ஒரு பெண் வளர்ந்து நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். பெண்கள் குறைவாகப் பிறக்கும், குறைவாகப் பிழைக்கும் நாட்டிலே 2.1-ம் போதாது. சமுதாயம் அழியும் என்று அஞ்சுவோர், மகள்களைக் காப்பது பற்றியன்றோ முதலில் பேச வேண்டும்?

"2.1-க்குக் கீழே போனால் அழிவு, ஆகவே மூன்று" என்ற கணக்கையும் பார்த்துவிடுவோம். 2.1 என்பது சராசரி. சிலர் பெறார், சிலர் ஒன்று, சிலர் மூன்று, நான்கு, எல்லாம் கூடி வருவது அது. ஒவ்வொருத்தியும் மூன்று பெற்றால் சராசரி மூன்றாகும், 2.1 ஆகாது! பள்ளிப் பிள்ளை அறியும் கணக்கு இது. அழிவு என்ற பயமுறுத்தலுக்கும் விடையுண்டு. தமிழகத்தின் வீதம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 2.1-ஐ ஒட்டி வந்து, கீழும் இறங்கிவிட்டது. இருந்தும் 2001-இல் 6 கோடியே 24 இலட்சமாயிருந்த மக்கள், 2011-இல் 7 கோடியே 21 இலட்சம். முன்னர்ப் பிறந்த பெண்கள் பெருகி நின்றதால், ஆளுக்குக் குறைவாகப் பெற்றபோதும் தொகை வளர்ந்தது. வீதம் ஒரு பாறை விளிம்பன்று, கால் தவறினால் உருண்டு விழ.

"அவர்கள் பெருகுகிறார்கள், நாம் தேய்கிறோம்" என்று மதத்தின் பேரால் மூட்டும் தீக்கும் இதே ஆய்வே நீர் தெளிக்கிறது. 1992-93-இல் இந்துப் பெண்களின் வீதம் 3.3, இசுலாமியப் பெண்களின் வீதம் 4.4. 2019-21-இல் முறையே 1.94, 2.36. இருவரும் இறங்குகிறார்கள், இடைவெளியோ ஒன்றுக்கு மேலிருந்து பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தமிழக இசுலாமியப் பெண், பீகாரின் இந்துப் பெண்ணைவிடக் குறைவாகவே பெறுகிறாள். வேதம் அளக்கவில்லை பிள்ளைகளை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அளக்கின்றன.

தொகுதிக் கவலைக்கு வருவோம். நியாயம் உண்டென்று முன்னரே சொன்னோம். 1962 தேர்தலில் இம்மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள், 1967-இல் 39. மக்கள்தொகைப் பங்கு குறைந்தது, இரண்டு இடம் போயிற்று. 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கின்படியே இடங்களை நிறுத்தி வைத்தது. 84-ஆவது திருத்தம் அந்நிறுத்தத்தை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2021-இல் எடுக்க வேண்டிய குடிக்கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு எடுக்க 2025-இல் அறிவிக்கை வந்தது. குடும்பத்தைக் குறை என்று டில்லி சொன்னதைக் கேட்டு நடந்த மாநிலத்துக்கு, குறைந்ததே குற்றம் என்று தண்டனை விதிப்பது அநீதி. அதை எதிர்த்து வாதாட எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் அந்த வழக்கை நாடாளுமன்றத்திலே நடத்துங்கள், பேறுகால அறையிலே நடத்தாதீர்கள்! கூட்டாட்சிக்கு விதி வகுக்க வக்கற்றுப்போய், அவள் வயிற்றை வாக்குப் பெட்டியாக்குவதா? அன்று அதிகம் பெற்றாள் என்று பழி. இன்று குறைவாகப் பெற்றாள் என்று பழி. எழுபது ஆண்டிலே எண் தலைகீழானது, பழி மட்டும் அதே முகவரிக்குப் போய்ச் சேருகிறது!

அவளை ஒருவருமே கேட்கவில்லையா என்றால், கேட்டிருக்கிறார்கள். மேடைகளில் 2.1-ஐ ஓதுவோர் புரட்டிப் பாராத பக்கம் ஒன்று, அதே குடும்பநல ஆய்வறிக்கையில் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் வேண்டுமென்று நீ விரும்பினாய் என்று பெண்களையே வினவி, விரும்பிய பிறப்புகளை மட்டும் வைத்துக் கணக்கிட்ட வீதம் அது. 2019-21-இல் இந்திய ஒன்றியத்துக்கு, நடப்பு வீதம் 2.0. அவர்கள் விரும்பியது 1.6.